வெள்ளித் தொண்டை

வெள்ளிக்கடையில் கண் கிடைக்கும். கை, கால், வயிறு கிடைக்கும். பிள்ளை வரம் கேட்டவர்களுக்குத் தொட்டில்கூடக் கிடைக்கும். உடம்பில் எந்த இடம் நன்றாக வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோமோ, அந்த இடத்தை மெல்லிய வெள்ளித் தகட்டில் அச்சடித்து விற்பார்கள். அதை வாங்கிக்கொண்டுபோய் ஆத்தாளின் உண்டியலில் போட்டுவிட்டால் வேண்டுதல் தீர்ந்தது. தொண்டை மட்டும் விற்க மாட்டார்கள். தொண்டைக்காக யாரும் வேண்டிக்கொள்வதில்லை போலிருக்கிறது. மலாயாவின் கிள்ளானில் அன்றைக்கு அந்தக் கடைக்காரரிடம் ஒரு வெள்ளித் தொண்டை இருந்திருந்தால் எங்கள் வீட்டில் நடந்த எதுவும் நடந்திருக்காது. இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த புதிதிலேயே எனக்கு வாயாடி என்று பெயர் விழுந்துவிட்டது. பாசாரில் மீன்கடைச் சீனரிடம் நான் பேரம் பேசுவதை நாலு கடை தள்ளி நிற்பவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிற கிராணி. வாயைத் திறப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்கிற மாதிரி ஆள். “ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசிடு” என்பார். நானும் அப்படித்தான் செய்தேன்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கப்பலேற மாட்டேன் என்று ஒரு தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

“இந்த வீட்டுல காக்காகூட ஒக்கார மாட்டேங்குது, ஒன் சத்தத்துக்கு.”

“சோறு வடிக்கிறது நீங்கதானே அண்ணி. அதான் வரல.”

இப்படித்தான் எங்கள் காலைகள் ஆரம்பமாகும். அவருக்கும் அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு எனக்கு டைபாய்டு வந்தது. ஆளை உருக்கி எடுத்த காய்ச்சல், போகிற போக்கில் தொண்டைக்குள் புண்ணை வைத்துவிட்டுப் போனது. முதலில் குரல் கரகரத்தது. அப்புறம் குரலே இல்லை. அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஒரு சீட்டிச் சத்தம் வந்தது. மெல்லிய, நீண்ட சத்தம். என் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும் நானே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதைக் கேட்டு வீறிட்டது. ஒரு காலையில் என் நகங்கள் நீலமாயின.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு என்னை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது கழுத்தின் அடியில் ஒரு துளை இருந்தது. துளைக்குள் வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகி, நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூக்கு வழியாக வர வேண்டிய காற்று அதன் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. நான் மயக்கத்தில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி வேண்டிக்கொண்டாராம்: “ஆத்தா, இவ மூச்சையும் பேச்சையும் திருப்பிக் குடுத்துடு. ஒனக்கு வெள்ளியில தொண்டை வாங்கிப் போடறேன்.” இதை என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழாயிலிருந்து சளிதான் தெறித்தது.

குழாயைக் கழுவுகிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார். அது இரட்டைக் குழாய். உள்குழாயை மட்டும் உருவி, சோடா உப்புப் போட்ட கொதிநீரில் அலசி, கோழி இறகால் உள்ளே துடைத்து, திரும்பச் செருக வேண்டும். ஒரு நாளில் பல தடவை. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். அண்ணிக்குக் கை நடுங்காது. மரத்தில் கத்தி வைத்துப் பழகிய கை அது. நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். அவருக்கு எழுத்து தெரியாது. “என்னா, திட்றியா? திட்டு திட்டு. தெம்பு வருதுன்னு அர்த்தம்” என்று சிலேட்டை வாங்கி முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். உண்மையில் நான் எழுதியது திட்டு அல்ல.

குழாய் இருந்த காலத்தில் எனக்கு வாசனை கிடையாது. காற்று மூக்கின் பக்கமே போகாததால் ரசம் கருகினாலும் தெரியாது, மல்லிகை வைத்தாலும் தெரியாது. பேச்சு போனதைக்கூட ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் வந்து நிற்பவரின் வாசனை தெரியாமல் இருப்பது பயமாக இருந்தது. யாரும் எனக்குத் தெரியாமல் வந்துவிடலாம் என்று தோன்றும்.

மாதங்கள் போயும் குழாயை எடுக்க முடியவில்லை. துரை டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, இன்னொரு குட்டிக் கண்ணாடியை விளக்கில் சுட வைத்து என் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். பக்கத்தில் நின்ற டிரெசர்தான், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர், தமிழில் விளக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“குரல் நரம்பு ரெண்டும் தழும்பாலை ஒட்டிப்போச்சு. நடுவிலை ஊசி போற இடம்தான் இருக்கு.”

“பால் மரத்துல கத்தி ஆழமா எறங்கிட்டா அந்த எடம் முண்டு முண்டா வளருமே, அந்த மாதிரியா?” என்று அண்ணி கேட்டார்.

“அப்பிடித்தான். ஆனால் இது உள்பக்கமா வளருது.”

அண்ணி என் கழுத்தைப் பார்த்தார்.

ஆபரேஷன் என்றால், குரல்வளையை முன்பக்கமாகப் பிளந்து, தழும்பை அரிந்து எடுத்து, இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைப்பது. வேண்டாமென்றால் ஆயுசு முழுக்க வெள்ளிக் குழாயும் ஊமைத்தனமும். நான் சரி என்றேன். சரி என்று எழுதிக் காட்டினேன். குளோரோபாரத் துணியை என் முகத்தில் வைக்கவில்லை, கழுத்துக் குழாயின் வாயில் வைத்தார்கள். வாசனை தெரியாததால் மயக்கம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்துக் கிடந்தேன். துரையின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சத்தம் மட்டும் நின்றுபோனது.

ரப்பரை எடுத்த பிறகு கம்பிகள் வந்தன. வாரா வாரம் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, வாய் வழியாக வளைந்த கம்பியை இறக்கி, தழும்பு மறுபடி சுருங்காமல் விரிப்பார்கள். போன வாரக் கம்பியைவிட இந்த வாரக் கம்பி சற்றுத் தடிமனாக இருக்கும். அதற்காகக் கிள்ளானிலிருந்து ரயிலில் போய்வருவோம். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் என் எதிரே உட்காரும் ஆள் கழுத்தைப் பார்ப்பார், குழாயின் மூச்சைக் கேட்பார், அடுத்த நிலையத்தில் எழுந்து வேறு இடம் தேடுவார். “நல்லதாப் போச்சி, காலை நீட்டு” என்பார் அண்ணி. திரும்பும் ரயில் தாமதமானால் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளின் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். செங்கல் வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அண்ணி முந்தானையை ஈரமாக்கி என் குழாயின் மேல் திரைபோலப் பிடித்துக்கொள்வார், வண்டிகள் போய் முடியும்வரை.

ஒரு நாள் டிரெசர் குழாயின் வாயில் சின்னக் கார்க்கை அடைத்தார். “பேசுங்கோ பார்ப்பம்.”

என்னென்னவோ பேச வேண்டுமென்று மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். வந்தது “பசிக்குது” என்கிற ஒரு சொல். தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு குரலில். என் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அண்ணி, “இத்தன மாசம் கழிச்சி வாயத் தொறந்தா சோறுதான் கேக்குது பாரு” என்று உரக்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம் குழாயையே எடுத்தார்கள். எடுத்த அன்று டிரெசர் அதைப் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

“இதைப் பத்திரமா வைச்சிருங்கோ. துரை இந்தப் பிள்ளையின்ரை கழுத்துக்கெண்டு அளவு பார்த்து வளைச்சது. தழும்பு திரும்பச் சுருங்கலாம். மூச்சு சத்தம் போட்டால் யோசிக்காமல் அதே துளைக்குள்ளை போட்டுக்கொண்டு இஞ்சை வாங்கோ. கம்பியாலை திரும்ப விரிச்சிடலாம். குழாய் இல்லாமல் ஒடுங்கினால் அவசரத்திலை வெட்ட வேணும். இன்னொருக்கா வெட்டினால் குரல் கிடையாது. உயிருக்கும் உறுதி சொல்ல ஏலாது.”

அந்த நேரத்தில் அண்ணி அறையில் இல்லை. வராந்தாவில் முன்பின் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். டிரெசர் சொன்னதை அக்காவிடம் நான் சொல்லியிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். பேச்சு திரும்பி வந்த வீட்டில் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதலில் வாசனைகள் வந்தன. நல்லெண்ணெய், ஈர விறகு, என் வீட்டுக்காரரின் சட்டையில் துறைமுகத்துச் சேறு. அண்ணியின் மேல் எப்போதும் திருநீறும் மஞ்சளும் மணக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. கழுத்துத் துளை நாளுக்கு நாள் சிறுத்தது. நான் கரகரவென்று பேசிக்கொண்டே இருந்தேன். “ஆஸ்பத்திரியில காசு குடுத்து வம்ப வாங்கிட்டு வந்திருக்கான் என் தம்பி” என்றார் அண்ணி. ஆனால் ஏதோ ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று தடவை வெள்ளிக்கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். ஒரு நாள் கேட்டார்: “அந்தக் கொழா இனிமே வேணாமில்ல ஒனக்கு?”

குழாயைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. “அந்தச் சனியன் யாருக்கு வேணும்?” என்றேன்.

சனியன் என்றா சொன்னேன்? சொன்னேன். அண்ணி அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினார்.

மூச்சு மறுபடி சத்தம் போட்டது ஒரு மழை நாளில். முதலில் மழை என்றுதான் நினைத்தேன். காலையில் வாசல் பெருக்கக் குனிந்தபோது ஒரு தடவை கேட்டது. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது கேட்டது. மதியத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டது. அந்த மெல்லிய நீண்ட சீட்டி. எனக்கு அது யார் என்று தெரியும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்தார். நான் எழுந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தேன். பஞ்சு மட்டும் இருந்தது.

அண்ணி சமையற்கட்டிலிருந்து வந்தார். என் கையில் டின்னைப் பார்த்து, பெருமையாகச் சொன்னார்: “அத ஆத்தாகிட்ட குடுத்துட்டேன் புள்ள. வெள்ளியில தொண்டை எந்தக் கடையிலயும் இல்லன்னுட்டான். அப்புறம்தான் தோணிச்சி, ஒன் தொண்டையே வெள்ளிதானே.”

என்னால் பேச முடியவில்லை. ஆனால் என் மூச்சு பேசியது. அண்ணி அதைக் கேட்டார். அவர் முகத்திலிருந்து அந்தப் பெருமை இறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கிள்ளான் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். அந்த மழையில் ரிக்‌ஷா கிடைக்கவில்லை. போனாலும் அங்கே காத்திருப்பது கத்திதான். கோயில் எங்கள் வரிசை வீடுகளின் கடைசியில் இருந்தது, தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். தனியாக வீட்டில் கிடக்கப் பயந்து நானும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன்.

பூசாரி கையை விரித்தார். “சாவி கோயில் தலைவர்கிட்டம்மா. அவரு கோலாலம்பூர் பக்கம் சாலாக் செலாத்தானுக்கு மக வீட்டுக்குப் போயிருக்காரு. திருவிழா முடிஞ்சாதான் உண்டியல் தொறக்கிற வழக்கம். அதோட, ஆத்தா வாங்கிக்கிட்டத திருப்பிக் கேக்கலாமா? நீயே சொல்லு.”

அண்ணி சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி, தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்தார். பூசாரி கத்தினார். அண்ணி உண்டியல் பெட்டியின் பூட்டுக் கொண்டியில் ஓங்கி வெட்டினார். கும்பிட்ட கைதான். மறுபடி வெட்டினார். பலகை பிளந்து காசும் குங்குமமும் குழாயும் ஈரத் தரையில் சிதறின. யாரோ வாங்கிப் போட்ட வெள்ளிக் கண்கள் இரண்டு என் காலடியில் வந்து விழுந்து என்னையே பார்த்தன. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் படியில் சரிந்தேன்.

குழாயைக் கொதிநீரில் போடாமல் தொடக்கூடாது என்று அண்ணியைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நேரமில்லை. தீர்த்தச் செம்பிலிருந்து தண்ணீரை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, என் தலையைத் தன் மடியில் சாய்த்து, கழுத்துத் துளையில் அதை வைத்து அழுத்தினார். துளை சிறுத்துப்போயிருந்தது. சதை கிழிந்தது எனக்கே கேட்டது. பிறகு காற்று வந்தது. அவ்வளவு காற்றை நான் அதற்கு முன்னால் குடித்ததில்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணியின் கை முழுக்கக் குங்குமமும் ரத்தமும். எது எது என்று தெரியவில்லை.

அன்று மாலை ரயிலிலேயே என் வீட்டுக்காரர் என்னைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார். துரை பார்த்தார். மறுபடி வெட்ட வேண்டியதில்லை என்றார். கம்பிகள் திரும்பி வந்தன, முதல் கம்பியிலிருந்து. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே என்னை வைத்துக்கொண்டார்கள். அண்ணி ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை. வராதது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது குழாயும் கழுத்தில் இருந்தது, கார்க்கை அடைத்தால் குரலும் இருந்தது. வாசலிலேயே கூப்பிட்டேன், “அண்ணி, காக்கா வந்துச்சா?”

அண்ணி வந்தார். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்குழாயை உருவிக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை இல்லை.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாங்கள் ரயிலேறிய அன்று அண்ணி கோயிலுக்குத் திரும்பிப் போய், சிதறிய காசையெல்லாம் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். பிறகு ஆத்தாள் முன்னால் நின்று, “ஒனக்குக் குடுத்த தொண்டைய நானே புடுங்கிட்டேன். அதுக்குப் பதிலா என்னோடத வச்சிக்க” என்றிருக்கிறார். பூசாரி கேட்டிருக்கிறார். அதுதான் அண்ணி கடைசியாகப் பேசியது.

எனக்கு வந்தது கோபம்தான். அழுகை இல்லை, நன்றி இல்லை, கோபம். நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு ஒருத்தி பேசாமல் இருப்பதா? நான் கம்பி விழுங்கி விழுங்கி வாங்கிய பேச்சை யாரிடம் பேசுவது? அவரைப் பேச வைக்க என்னென்னவோ செய்தேன். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அவருடைய தகரப்பெட்டியை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தேன். தேடி எடுத்துக்கொண்டார். சண்டை போடத் தம்பி பெண்டாட்டி இருந்தும் ஊமையாக இருக்கிற நாத்தனாரை நான்தான் கண்டேன். குழாயை நிரந்தரமாக எடுத்த அன்று, “இப்பயாவது பேசுங்க, ஆத்தாளுக்குப் போதும்” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் கழுத்துத் தழும்பில் திருநீறு பூசிவிட்டு உள்ளே போனார். அப்படியே வருஷங்கள் போயின.

நான் எப்போதும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தாள் வாங்கியதோடு நிறுத்துவாளா என்று தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பட்டப்பகலில்தான் நடந்தது. நான் சமையற்கட்டில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றடி. அரைத்து முடித்துக் கை கழுவப் போனபோது அண்ணி பாசிக் கல்லில் விழுந்து கிடந்தார். இடுப்பு முறிந்து கால் திரும்பியிருந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ, கீழுதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் உறைந்திருந்தது. சத்தம் வந்துவிடக் கூடாதே என்று கடித்திருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ‘ஐயோ’ என்று ஒன்று. நான் ஒரு பலகைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அப்போதுதான் நான் கத்தினேன். காய்ச்சலுக்குப் பிறகு என் தொண்டை போட்ட முதல் கூச்சல் அது. தெருக்கோடி வரைக்கும் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

எழுந்து நடக்க முடியாமல் படுத்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி நாட்களில் அவருடைய மூச்சும் சீட்டியடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “அண்ணி, கூப்பிட்டிருக்கலாமே” என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவர் கையைத் தூக்கி என் கழுத்துத் தழும்பின் மேல் விரலை வைத்தார். நான் பேசப் பேச அதன் அதிர்வு விரலில் படும் அல்லவா, அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் பேசிக்கொண்டே இருந்தேன், அந்த விரல் தானாகக் கீழே விழும்வரை.

குழாய் இன்னும் அந்த பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது. கறுத்துப்போய்விட்டது. வீட்டில் சின்னவர்கள் பார்த்துவிட்டு, வேண்டுதல் பொருளை வைத்திருக்கக் கூடாது, கோயிலில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். மாட்டேன். ஆத்தாளுக்குச் சேர வேண்டிய தொண்டை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.